நிறைஞ்சிருச்சு

“நான் சொல்றதை முழுசா—”

“முழுசா கேட்டுக் கேட்டுத்தான் என் தோள் இந்த லட்சணத்துல இருக்கு.”

“கேக்கறதுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?”

“காதால கேட்டதையெல்லாம் கையால செஞ்சது யாரு? அதான் சம்பந்தம்.”

“மெதுவா பேசு. டேபிள்ல ஆள் இருக்கு.”

“ஆளா? அக்காதானே இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத சண்டையா?”

நான் குனிந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டலில் உங்களை ஆள் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டால், வீட்டு மனுஷியாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அதில் ஒரு சௌகரியம் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. சட்னி கேட்காமலே வரும். பஞ்சாயத்தும் கேட்காமலே வரும்.

“நீங்களே சொல்லுங்கக்கா,” என்றாள் அவள், சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து.

“அக்காவை எதுக்கு நடுவுல இழுக்கறே?” என்றார் அவர், கல்லாவிலிருந்து.

நடுவில் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடையின் அமைப்பு அப்படி. ஒரு கோடியில் கல்லா. நேர் எதிரே மறு கோடியில் தட்டு நீட்டும் அளவுக்கு ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் அடுப்பு. இடையில் மேசைகள். புருஷனும் பெண்டாட்டியும் பேசினால் அது சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலேதான் போய் வரவேண்டும். டிபன் கூட்டம் வடிந்து, சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்குள் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுக்குச் சண்டை நேரம். எனக்குச் சாப்பாட்டு நேரம். எதிர் மாடியில்தான் என் வீடு. என் வீட்டுக்காரர் காலமான பிறகு அடுப்பை மூடிவிட்டேன். ஒருத்திக்காகச் சமைப்பதைப் போல அலுப்பு வேறில்லை. வைத்த ரசம் மூன்று நாளைக்கு நம்மையே முறைத்துக்கொண்டிருக்கும்.

அவரை எல்லோரும் மொதலாளி என்பார்கள். அவளை மாஸ்டரம்மா. கடையில் மாஸ்டர் என்றால் அடுப்படியை ஆள்கிறவர் என்று பொருள். கடை திறந்த நாளிலிருந்து அவள்தான் மாஸ்டர். நடுவில் இரண்டொருவர் வந்தார்கள். “உன் கைப்பக்குவம் வரலை” என்று அவளிடம் சொல்லி மொதலாளி அவர்களை அனுப்பிவிட்டார். அவள் காதில் அது புகழ்ச்சியாகத்தான் விழுந்தது, ஆரம்பத்தில்.

“இன்னிக்கு மத்தியானம் கட்டடக்காரர் சாப்பிட வர்றார்க்கா,” என்றாள் என்னிடம். “குத்தகை முடியுது. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடுக்கறேங்கறார். வேண்டாம்னா பக்கத்து மருந்துக்கடைக்காரர் சுவரை இடிச்சுக் கடையைப் பெரிசாக்கத் தயாரா இருக்கார். ரெண்டு பேர் வாயாலயும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னு சொல்லியிருக்கார். இவர் சரிங்கப் போறார். நான் முடியாதுங்கப் போறேன். அவ்வளவுதான் கதை.”

“அவ்வளவுதானா கதை? கடையை மூடறது உனக்கு அவ்வளவுதானா?”

“ஏங்க, என் கை தூக்கலை. தலைக்கு மேல போகலை. சீப்பை எடுத்தா தலை வரைக்கும் வருது, அங்கேயே நின்னுடுது. துணி காயப்போட முடியலை. டாக்டர் என்ன சொன்னார்? அடுப்புக்கிட்டப் போகாதேன்னார். நீங்க என்ன சொன்னீங்க? அந்த டாக்டர் தோசை சாப்பிடாத டாக்டர்னீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளும் பாதி சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டு ஜன்னலை விட்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. கொஞ்ச காலமாகவே இடது கையால்தான் மாவை ஊற்றுகிறாள். இடது கைக்கு வட்டம் வரவில்லை. ஒருநாள் மூக்கு நீண்ட தோசை வரும், ஒருநாள் வால் முளைத்த தோசை வரும். பரிமாறுகிற ஆள் அதைத் தட்டில் பார்த்துவிட்டு, “மாஸ்டரம்மா, இன்னிக்கு எந்த நாட்டு மேப்பு?” என்பான். “உன் மூஞ்சி மேப்பு. கொண்டு போ,” என்பாள்.

அவனுக்குப் பெயர் ரிப்பீட்டு. வயது ஐம்பதுக்கு மேல், மீசைக்கு மட்டும் மை போடுவான். யார் எது சொன்னாலும் ஒரு தடவை திருப்பிச் சொல்லாமல் நகரமாட்டான். “ஒரு சாதா” என்றால் “ஒரு சாதாஆ.” “தண்ணி” என்றால் “தண்ணிஈ.” தும்மினால்கூடத் திருப்பித் தும்முவான் என்று மொதலாளி கேலி செய்வார்.

இங்கே அந்தக் கடையின் பாஷையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்று நடந்தது விளங்காது.

அங்கே ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. கடை திறந்த புதிதில் ஒருவர் வந்து வடை கேட்டாராம், இல்லை என்றார்களாம். பூரி? இல்லை. பொங்கல்? இல்லை. “எல்லாம் இல்லைன்னா போர்டு மட்டும் எதுக்குய்யா?” என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அன்றே மொதலாளி சட்டம் போட்டார். அவர்கள் வீட்டில் அரிசியோ உப்போ தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லமாட்டார்கள், அமங்கலமாம். “உப்பு நிறைஞ்சிருக்கு” என்பார்கள். அதைக் கேட்டவுடன் போய் உப்பு வாங்கி வரவேண்டும். அதே சொல்லைக் கடைக்கும் கொண்டுவந்தார். உள்ளே பூரி தீர்ந்ததென்றால் ஜன்னலிலிருந்து “பூரி நிறைஞ்சிருச்சு!” என்று மாஸ்டரம்மா குரல் கொடுப்பாள். “பூரி நிறைஞ்சிருச்சூ,” என்பான் ரிப்பீட்டு. பிறகு பூரி கேட்கிறவரிடம், “தோசை சூடா இருக்கு, போடட்டுமா?” என்று பேச்சை மாற்றுவான்.

இது தெரியாத புது ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒருதரம் குடும்பத்தோடு வந்த ஒருவர், உள்ளிருந்து ‘பொங்கல் நிறைஞ்சிருச்சு’ என்று சத்தம் வந்ததும் முகம் மலர்ந்து, “அப்ப நாலு பொங்கல்!” என்றார். அவருக்கு விளக்குவதற்குள் ரிப்பீட்டுக்கு வேர்த்துவிட்டது.

அன்று நான் கை கழுவப் போனபோது மொதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவ கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லை. ஆனா வீட்டுக்குப் போயி நான் என்ன பண்ணுவேன்? இங்க உக்காந்தா நாலு பேர் வணக்கம் வைக்கறாங்க. வீட்டுல என்னைப் பாத்து யாரு வைப்பா, நாற்காலியா?”

“அவகிட்ட இதைச் சொல்லிப் பாருங்களேன்.”

“சொன்னா சிரிப்பா.”

“சிரிச்சா சிரிக்கட்டுமே.”

“அதெப்படிக்கா,” என்று துண்டை எடுத்து நீட்டினார். அந்தத் துண்டு காலையிலிருந்து ஊருக்கெல்லாம் கை துடைத்துக் களைத்திருந்தது. அவர் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்த நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். “இருங்கக்கா, அவர் வந்துட்டுப் போகட்டும். உங்களை வெச்சுக்கிட்டுன்னா எனக்கு வாய் வரும்,” என்று அவள் சொன்னதால் ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு இருந்தேன். ஆறியதைக் குடித்தேன். இன்னொன்று வந்தது. அதுவும் ஆறியது.

கட்டடக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி, எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற முகம். நல்ல மனிதர்தான். “எங்க வீட்டுத் தமிழ் எங்க தாத்தாவோட போச்சு. நான் கத்துக்கிட்டதெல்லாம் குடியிருக்கறவங்ககிட்டதான்,” என்று அவரே சொல்வார். அதனால் குழாய் ஒழுகுவது, சாக்கடை அடைப்பது, அடுத்த மாசம் தருவது பற்றியெல்லாம் அவருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. மற்றதெல்லாம் உத்தேசம்தான்.

மொதலாளியே இலை போட்டார், மொதலாளியே பரிமாறினார். ரிப்பீட்டு கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். சோறு, பொரியல், கூட்டு. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் கட்டடக்காரர் கண்ணை மூடினார்.

“மொதலாளி, இந்தக் கை இருக்கற வரைக்கும் உங்களுக்கு என்ன கவலை?”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்.”

“என் ஆசீர்வாதம் என்னத்துக்கு? அம்மாவைக் கூப்பிடுங்க. அவங்க வாயால ஒரு வார்த்தை கேக்கணும். எங்க அப்பா சொல்வார், கடை யாரு பேர்ல வேணும்னாலும் இருக்கலாம், அடுப்பு யாரு பேர்ல இருக்குன்னு பாருன்னு.”

அவள் வந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைச் சுமக்கிறவளைப் போல வந்து நின்றாள். நெற்றியில் மாவு. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், சொல்லு என்று.

“அம்மா, சாப்பாடு பிரமாதம்.”

“சந்தோஷங்க. பொரியல்ல உப்பு சரியா இருக்கா?”

“எல்லாம் சரியா இருக்கு. நீங்க சொல்லுங்க. இன்னும் அஞ்சு வருஷம். மொதலாளி சரின்னுட்டார். நீங்க என்ன சொல்றீங்க?”

அவர் இலையைப் பார்த்தாள். சோறு பாதி இருந்தது. கை நிறையப் பிசைந்ததை வைத்துக்கொண்டு அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற மனிதனின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அவள் வாய்க்குப் பழக்கமில்லை. பக்கத்தில் புருஷன் ரசப் பாத்திரத்தோடு நின்றார். அவரைப் பார்த்தாள். அவர் பாத்திரத்தைப் பார்த்தார்.

“எனக்கு…” என்றாள். நிறுத்தினாள். பிறகு மெதுவாக, “எனக்கு நிறைஞ்சிருச்சுங்க.”

என் மேசையில் இருந்த எனக்குக் கேட்டது. சுவரோரம் நின்றவனுக்குக் கேட்டது. அந்தச் சொல்லைக் கடைக்குக் கொண்டுவந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்?

கட்டடக்காரர் பூரித்துப்போனார்.

“அடடா! சாப்பிட்ட எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு, சமைச்ச உங்களுக்கு மனசு நிறைஞ்சிருச்சு! இதுக்கு மேல என்னம்மா வேணும்? இந்த வார்த்தை போதும் எனக்கு!”

“ஐயோ, நான் என்ன சொல்ல வந்தேன்னா…” அவளுக்கு வார்த்தை தடுமாறியது. புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நீங்க சொல்லுங்களேன்.”

அவர் கரண்டியைத் தூக்கினார்.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? சார், ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

“ஊத்துங்க, ஊத்துங்க.”

“மொதலாளி, அவ சொன்னது வேற—” என்று நான் எழுந்தேன்.

“அக்காவுக்கு ஒரு மோர் கொண்டாப்பா!” என்றார், என்னைப் பார்க்காமலே.

ரிப்பீட்டு அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மோர் கொண்டுவரப் போகவும் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ கருகும் வாசனை வந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமலே அவள் கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. போகும்போது ஒருமுறை நின்றாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்றிருப்பாள். கூப்பிடவில்லை.

கட்டடக்காரர் கை கழுவிவிட்டு, பெருஞ்சீரகத்தை வாயில் போட்டுக்கொண்டு விடைபெற்றார். “அடுத்த வாரம் பேப்பரோட வர்றேன் மொதலாளி. மருந்துக்கடைக்காரரை சாயந்தரமே கூப்பிட்டு, வேற இடம் பாத்துக்குங்கன்னு சொல்லிடறேன். பாவம், ஆசையா இருந்தார்.”

“சரிங்க சார். பாத்துப் போங்க.”

பிறகு சாப்பாட்டுக் கூட்டம் வந்தது. கூட்டம் வந்தால் யாருக்கும் எதையும் நினைக்க நேரம் இருக்காது. தட்டு நீட்டினார்கள், தட்டு வாங்கினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் அந்த இடது கை மட்டும் தெரிந்தது. ஊற்றியது, திருப்பியது, எடுத்துப் போட்டது. நடுவில் ஒருமுறை அந்தக் கையும் காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்து வந்தது. ஒருவர் தன் தட்டைப் பார்த்து, “என்னப்பா இது, தோசையா, துண்டு நிலமா?” என்றார். மேசையே சிரித்தது. ஜன்னலில் அடுத்த தட்டு வந்து நின்றது. ரிப்பீட்டு, “சாப்பிட்டுப் பாருங்க சார், ருசி வட்டமா இருக்கும்,” என்று சமாளித்தான்.

கூட்டம் கலைந்தபின் ரிப்பீட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான். நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். போகக் கால் வரவில்லை.

அவள் வெளியே வந்தாள். எப்போதும் உள்ளேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள், அன்று வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிப்பீட்டு கேட்காமலே ஒரு தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தான். அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் சாப்பிடுங்க,” என்றாள், கல்லாவைப் பார்த்து.

“எனக்குப் பசிக்கலை.”

“கட்டடக்காரருக்குப் புரியலை. விடுங்க. உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“எது?”

“நான் சொன்னது.”

“மனசு நிறைஞ்சிருச்சுன்னுதானே சொன்னே?”

ரிப்பீட்டு மேசை துடைப்பதை நிறுத்தினான். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மனசுன்னு நான் சொல்லலைங்க.”

“சரி, சொல்லலை.” அவர் குரல் இறங்கியது. “புரிஞ்சுதுதான். புரிஞ்சு என்ன பண்ணச் சொல்றே? அந்த மனுஷன் முன்னாடி, என் பொண்டாட்டிக்கு இனிமே முடியாது, கடையை எடுத்துக்குங்கன்னா சொல்லச் சொல்றே?”

“ஆமா.”

“சொல்லிட்டு?”

“சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்.”

“போயி?”

“உக்காரலாம்.”

“உக்காந்து என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். உக்காந்தா போதும். எனக்கு அதுதாங்க வேணும்.”

அவர் கல்லா மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். “ஒரு ஆள் வெச்சுக்கலாம், உனக்கு உதவியா. இந்தத் தடவை நல்ல ஆளா பாக்கறேன்.”

“போன தடவையும் நல்ல ஆள்தான். அவன் போட்ட தோசை வட்டமாவே இருந்துது. நீங்கதான் என் கைப்பக்குவம் வரலைன்னு அனுப்பினீங்க. அந்த மகராசன் இருந்திருந்தா என் கை எனக்கு மிஞ்சியிருக்கும்.”

“ருசி வேண்டாமா?”

“யாருக்கு? எனக்கு என் சமையல்ல ருசி தெரிஞ்சு எவ்வளவு காலமாச்சு தெரியுமா உங்களுக்கு? உப்பு சரியா இருக்கான்னு அவர்கிட்ட ஏன் கேட்டேன்னு நினைச்சீங்க? மரியாதைக்கா? நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன்.”

எனக்கு அது புதிய செய்தி. அவருக்கும் புதிய செய்திதான் என்பது அவர் துணியைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது. வெளியே யாரோ பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து, “காபி கிடைக்குமா?” என்று கேட்டார்கள். பழக்கதோஷத்தில் அவர் வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார். “சாயந்தரம் வாங்க சார்,” என்று ரிப்பீட்டு சொல்லி அனுப்பினான்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்திருக்க மேசையை ஊன்றினாள், வலது கை ஒத்துழைக்கவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, நீளமான அந்த அறையைத் தாண்டி, கல்லாவில் இருந்தவரைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னாள்:

“போனை எடுங்க. மருந்துக்கடைக்காரர்கிட்ட பேசறதுக்குள்ள கட்டடக்காரரைக் கூப்பிட்டு, நான் சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உங்க வாயால சொல்லுங்க.”